முகவரிச் சான்று

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
நான் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்து,
சாயம் ஊற்றி,
குடித்தும் முடித்துவிட்டேன்.
திரையில் கவிஷ்காவின் வாய்
இன்னும் பாதி திறந்தபடி:
"மிஸ், பெறுமானத்தேய்வு எந்தப் பக்…"

வரவுப் பக்கம், பிள்ளை.
சொன்னேன். மவுசாகலைத் தண்ணீரைத்
தாண்டியிருக்காது.

மழை பெய்தால் மழையால் என்றார்கள்.
மூடம் இறங்கினால் மூடத்தால்.
பளிச்சென்று வெயிலடித்த மூன்று நாளும்
"உங்க ஏரியாவில பாவனையாளர் அதிகம், மேடம்."
என் ஏரியாவில்
பக்கத்துக் காம்பராவின் நாய்.
அதற்கப்புறம் தேயிலை.

போதும், மாறிவிடுவோம்.
நோர்வூட் சந்தியில் குடை விரித்து
புதுக் கம்பனிப் பையன், துஷ்மந்தன்,
ஸ்வெட்டருக்கு மேல் கம்பனி டீசேர்ட்.
படிவத்தை நீட்டினான்.

"வீட்டு இலக்கம், அக்கா?"
இல்லை.
"வீதி?"
பாதை இருக்கிறது. யாரும் பெயர் வைக்கவில்லை.
"உங்கட பேரில ஏதும் பில்?"
கரண்ட் பில் மாமனார் பேரில்.
செத்து ஒன்பது வருஷம்,
இன்னும் ஒழுங்காகக் கட்டுகிறார்.
வீடு தோட்டத்தின் பேரில்.
தண்ணீர் மலையின் பேரில்.

திரும்பி வந்து பெட்டியைக் கிளறினால்
பழைய கம்பனியின் பில், ஒரு கட்டு.
மருதமுத்து நித்தியகலா,
3/7, கீழ்ப்பிரிவு.

3/7?

ஞாபகம் வந்தது. அன்று வயர் இழுக்க வந்த லக்ஷித
ஏணியில் நின்றபடி லயத்தைப் பார்த்து
எக்காய், தெக்காய், துனாய் என்று
கதவுகளை எண்ணினான்.
கட்டம் வெறுமையாய் இருந்தால்
அவனது போனில் படிவம் நகராதாம்.

என் கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸ் மேசையில்
நமுத்துப்போய்க் கிடக்கும்.
இந்தப் பில்லை மட்டும் யாரோ
மாதம் தவறாமல் கதவிடுக்கில்
செருகிவிட்டுப் போனார்கள்.

துஷ்மந்தன் அதைப் படம் பிடித்தான்.
"இது காணும் அக்கா."

துண்டிக்கச் சொல்லிக் கோல் எடுத்தேன்.
தமிழுக்கு இரண்டு.
இருபத்திரண்டு நிமிஷம் புல்லாங்குழல்.
"காரணம் என்ன, மேடம்?"
மூன்று வருஷமாய்ச் சேர்த்துவைத்த வசவு
நாக்கு நுனியில் நின்றது.
என் கதவை எண்ணிப் பார்த்தவர்கள்
நீங்கள் மட்டும்தான்
என்று இதற்குள் எப்படிச் சொல்வது?
"வீடு மாறுகிறேன்" என்றேன்.
பொய்தான்.

புது ரவுட்டரில் நாலு பச்சை விளக்கு.
கவிஷ்காவின் மூக்குத்திகூடத் தெரிகிறது.
"மிஸ், நீங்க இவ்வளவு வேகமாவா கதைப்பீங்க?"

பில் இனி இமெயிலில்தானாம்,
கடதாசி கிடையாது.
பழையதில் ஒன்றை அட்டனுக்கு எடுத்துப்போய்
லெமினேட் செய்துகொண்டேன். எண்பது ரூபாய்.

நேற்று இரவு வகுப்பு நடுவில்
பக்கத்துக் காம்பரா செல்லக்கண்ணு
நாயையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.
"நம்ம கதவுக்கு
என்ன நம்பர் வரும், டீச்சர்?"