கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்து

டுலூத்தில் ஜனவரி.
சிகரெட் இல்லாத சிகரெட் இடைவேளையில்
வெளியே வந்து நின்றால்
ஏரியின் மேல் பனிப்பாளம் விரியும் சத்தம்.
உள்ளே மூன்று திரைகள் எனக்கு. இப்போது ஆறு.
இடக்கண்ணில் ஒட்டுப் போட்டு
மூன்றை அணைத்துவிட்டு
"அவசர உதவி. எந்த இடம்?" என்கிறேன்.

பதினேழு வருஷமாக இதுதான் வேலை.
மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன்,
அவள் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள்,
குழந்தை நீலம் பாய்ந்துவிட்டது,
இவன் குடித்திருக்கிறான் ஆனால் பொய்யில்லை.
கண் இல்லாமல்கூட ஒருவிதமாய்ப் பார்த்துவிடலாம் இந்த வேலையை.

கழுத்துச் சுரப்பி மாத்திரையில் சாந்தமாகிவிட்டது.
கண்களுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.
டாக்டர் ஹால்வர்சன்
நெற்றியோரம் அளவுகோல் வைத்துப் பார்க்கிறார்:
வலது இருபத்துநான்கு, இடது இருபத்தாறு.
மில்லிமீட்டரில் கேட்கும்போது
சரியாய்த் தள்ளி மூடாத
மேசை இழுப்பறை மாதிரி இருக்கிறது.

சிகரெட்டை விட்டாயிற்று.
செலினியம் விழுங்கியாயிற்று.
பன்னிரண்டு வாரம் ஸ்டீராய்டு ஏற்றி
முகம் உப்பியதுதான் மிச்சம்.
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில்
இரண்டு பலகைத் துண்டு.
காலையில் தூங்கப் போகும்போது
களிம்பு தடவி, இமைகளை இழுத்து
டேப்பால் ஒட்டுகிறான் ரெய்னோ,
பார்சல் கட்டுகிறவன் போல
ஓரங்களை நீவி நீவி.

கடையில் பில் போடும் பையன் கேட்டான்,
"என்ன மேடம், முறைக்கிறீங்க?"
முறைக்கவில்லை தம்பி, என் முகமே இதுதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
இது என் முகமும் இல்லை.

புதிய மருந்து வந்திருக்கிறது.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை, எட்டு முறை,
நரம்பு வழியாக.
காப்பீட்டுக்காரர்கள் மறுத்தார்கள்.
ஹால்வர்சன் எழுதினார். மறுபடி மறுத்தார்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை
காரணம் சொல்லாமல் சம்மதித்துவிட்டார்கள்.
மறுத்த வரைக்கும் எனக்கு நிம்மதியாக இருந்ததை
ரெய்னோவிடம்கூடச் சொல்லவில்லை.

சர்க்கரை ஏறலாம்.
கெண்டைக்கால் சுண்டி இழுக்கலாம்.
காது மந்தமாகலாம்;
சிலருக்குத் திரும்பிவரும், சிலருக்கு வராது.
சிலர் என்றால் எத்தனை பேர் என்றேன்.
சொன்னார். சின்ன எண்தான்.
ஆனால் ராத்திரி முழுக்க நான் பேசுவதே
சின்ன எண்களுக்குள் விழுந்தவர்களோடுதானே.

டெல்ஃபின் பூஷார் போட்டுக்கொண்டவள்.
கண் உள்ளே போனது நிஜம்,
படம் காட்டினாள், பழைய அவளாகவே இருந்தாள்.
இடக்காதில் மட்டும் ஒரு கெட்டில் விசிலடிக்கிறதாம்,
அடுப்பிலிருந்து இறக்க முடியாத கெட்டில்.
"திரும்பக் கேட்டாலும் போட்டுக்குவேன்" என்றாள்,
என் பதிலைப் பிடிக்க
வலப்பக்கம் தலையைத் திருப்பியபடி.

தம்பி வெயினோவுக்குப் பொறுமை கிடையாது.
"இதுல என்ன யோசனை ஐலி,
கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்தைப் போடு."
அது ஒன்றுதானே
என்னால் முடியவில்லை.

இன்று காதுப் பரிசோதனை.
மருந்துக்கு முந்தைய காது எது என்று
பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவாம்.
ஹெட்போனுக்காகக் கண்ணாடியையும் ஒட்டையும் கழற்றி
சத்தம் புகாத பெட்டிக்குள் உட்காரவைத்து
கையில் ஒரு பொத்தான்.
கேட்டால் அழுத்த வேண்டும்.

பீப். அழுத்தினேன்.
அடுத்தது கொசுவின் அளவு. அழுத்தினேன்.
அதற்கடுத்தது கொசுவின் நினைப்பு.
பிறகு ஒன்றுமில்லை,
என் ரத்தம் ஓடுவது மட்டும்.
சன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்
இரண்டு பெண்களாய் உட்கார்ந்து
ஒரே குறிப்பை எழுதுகிறாள்.

இப்போது வந்ததே, அது சத்தமா,
நானாக நினைத்துக்கொண்டதா?

இப்படி அழைப்புகள் எங்களுக்கும் வரும்.
எடுத்தால் பேச்சிருக்காது, மூச்சுமிருக்காது,
கம்பியில் வெறும் காற்று.
விதி என்னவென்றால்
வண்டி அனுப்ப வேண்டும்.

அழுத்தினேன்.