எதிர்க்கட்டடத்துச் சன்னல்

முகங்களை எல்லாம் ஹிராசே வரைவார்.
முகத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் நான்:
மின்கம்பி, மாடிப்படி, குளிர்பான எந்திரம்,
மழை.
மழைக்கு அளவுகோல் வேண்டும் என்பது
பலருக்குத் தெரியாது.
ஒரு பக்க மழைக்கு நானூறு கோடு.
ஒன்று நடுங்கினாலும் அது மழை இல்லை, கீறல்.

கியோசே நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடை,
சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை.
மூன்று மேசை, ஓர் அரிசிக் குக்கர்,
மேசைக்கடியில் ஒரே மெத்தை,
மெத்தைக்கு முறை வைத்துத் தூக்கம்.
செவ்வாய் இரவுகளில் பதிப்பாசிரியர் முகாய்தா
செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.
உள்ளே வந்தால் அவசரப்படுத்துவது போலாகுமாம்.
அங்கிருந்து அவர் இருமுவது
அதைவிட அவசரப்படுத்தும்.

எங்கள் கதை ஒரு பூட்டுக்காரனைப் பற்றியது.
நடுநிசியில் அழைத்தால் வந்து
சாவி தொலைத்தவர்களின் கதவைத் திறப்பவன்.
யாரும் வாள் உருவுவதில்லை. பிசாசும் கிடையாது.
வாசகர் வாக்கில் பதினெட்டாம் இடம்,
பிறகு பத்தொன்பது.
இதழில் மொத்தமே இருபது தொடர்கள்.

சென்ற மாதம் முகாய்தா உள்ளே வந்தார்.
உட்காருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.
"இருபத்தொன்றாம் அத்தியாயத்தோடு" என்றார்.
தூரிகையைக் கழுவிக்கொண்டே ஹிராசே கேட்டார்:
"கடைசிக்காவது ஒரு வண்ணப் பக்கம்?"
நிசப்தத்துக்கும் ஓர் ஒலிக்குறி வைத்திருக்கிறோம்
எங்கள் படக்கதையில்: ஷீன்.
கட்டத்தின் குறுக்கே பெரிதாய் எழுதுவோம்.
அதை எழுதுவதும் என் வேலைதான்.

போகும்போது கடித உறையை வைத்துவிட்டுப் போனார்.
உள்ளே ஒரே ஒரு அஞ்சலட்டை, நோஷிரோவிலிருந்து.

"மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறேன்.
பூட்டுக்காரன் வீட்டுக்கு எதிரே நான்காம் மாடி,
வலமிருந்து இரண்டாம் சன்னல்.
நான்காம் அத்தியாயத்தில் அங்கே விளக்கு எரிந்தது.
ஒன்பதிலும் எரிந்தது. பதினொன்றில் விடிந்த பின்னும்.
பதின்மூன்றிலிருந்து இருட்டு.
அங்கே இருப்பவர் நலமா?"

ஹிராசே அட்டையை என் பக்கம் தள்ளினார்.
"உன் ஆள்."

அங்கே என் ஆள் யாருமில்லை.
பதின்மூன்றாம் வாரம் எனக்குக் காய்ச்சல்.
சன்னல் சன்னலாய் வெட்டி எடுக்க நேரமில்லாமல்
சாம்பல் புள்ளித்தாளை ஒரே வீச்சில்
கட்டடம் முழுக்க ஒட்டிவிட்டேன்.
என் காய்ச்சலில் நாற்பது வீடு அணைந்தது.
முப்பத்தொன்பதை யாரும் விசாரிக்கவில்லை.

கடைசிப் பக்கம்.
பூட்டுக்காரன் தன் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டுத்
தெருவில் நிற்கிறான்.
அவன் முகத்தை நான்கு முறை வரைந்து
நான்கு முறையும் வெள்ளை பூசினார் ஹிராசே.
ஐந்தாம் முறை அவனைத் திருப்பி நிறுத்தினார்.
முதுகுதானே, நீயே வரைந்துவிடு என்றார்.
பதினோரு வருடத்தில் முதல் ஆள் எனக்கு.

பிறகு எதிர்க்கட்டடம்.
வெளிச்சத்தை நாங்கள் வரைவதில்லை.
சாம்பலைக் கத்தி நுனியால் சுரண்டினால்
அடியில் வெறும் காகிதம் இருக்கும்,
அதுதான் வெளிச்சம்.
நகத்தில் பாதி அளவு.
மூச்சை வெளியே விட்டால் கை அசையும்.

ஹிராசே குனிந்து பார்த்தார்.
"நிழல் தப்பான பக்கம் விழுகிறது" என்றார்.
மையை ஊதி உலர்த்தி
முகாய்தாவின் உறைக்குள் வைத்தார்.

இதழ் வந்த அன்று நிலையத்துக் கடையில் பிரித்தேன்.
இரண்டு பக்கமும் சேரும் மடிப்புக்குள்
விழுந்துகிடந்தது சன்னல்.
முதுகு முறியத் திறந்தால்தான் தெரியும்.
கடைக்காரர் முறைக்கத் திறந்தேன்.
முறிந்தது. காசு கொடுத்தேன்.

நோஷிரோவில் ஈர விரல்களோடு ஒருவர்
அவ்வளவு அழுத்தித் திறப்பாரா, தெரியாது.

திங்கள் முதல் வேறோர் இடத்தில் வேலை.
பள்ளிக்கூடக் கதையாம்.
முதல் பக்கத்திலேயே
நூற்றிருபது நாற்காலி.