மூன்று புள்ளிக்காரர்கள்

ஊருக்குப் பெயர் காத்ர் கோகோ.
நாலு தென்னை என்று அர்த்தம்.
எந்த நாலு என்று யாரும் எனக்குக் காட்டவில்லை.
எண்ணிச் சரிபார்ப்பதுதான் என் வேலை:
பிள்ளைகள் பதினொருவர், வேன் ஒன்று,
பூட்ஸ் பத்து ஜோடி
(தாவினா செருப்போடு வந்துவிட்டாள்),
தலைக்கு நாற்பது மணி நேரம் பண்ணை வேலை,
கடைசியில் என் கையெழுத்து.

மதாம் ரோஸ்லினின் தக்காளிப் பாத்தி.
ராத்திரி மழை பெய்தால் விடியலில் நத்தைகள்,
ஒவ்வொன்றும் ஒரு கைமுஷ்டி.
பொறுக்கு, எண்ணு, உப்புத் தண்ணீர் வாளியில் போடு.
அவள் சொன்னது அவ்வளவுதான்.
படிவத்தில் நான் "பூச்சி மேலாண்மை" என்று எழுதினேன்.
தாவினா முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள்.
கெவின் உரக்க எண்ணி எண்ணிப் போட்டான்,
ஏலம் விடுகிறவன் மாதிரி.
வியாழக்கிழமை பார்க்கிறேன்,
பூபாலென் கையில் மட்டும் வாளி ஆடுகிறது.

வரப்புக்கு அந்தப் பக்கம் கரும்பு.
அதற்குள் ஒவ்வொன்றாக எறிந்துகொண்டிருந்தான்.
எறியவில்லை. வைத்தான்,
முட்டையை வைப்பதுபோல.

நிறுத்திக் கேட்டேன்.
பதினேழு வயது, முழங்கால் வரை சேறு,
சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில்
எழுத்தை அழிக்கிற வெள்ளை மை.
"மிஸ், தினமும் எண்ணுகிறோமே,
அது இருநூறு நத்தையா,
இருநூறு தடவை வந்த நத்தையா?"
பிடித்தால் ஓட்டில் ஒரு புள்ளி.
மறுபடி பிடித்தால் இன்னொன்று.
இன்று காலை மூன்று புள்ளியோடு
நாலு பேர் வந்திருக்கிறார்களாம்.
பேர் என்றுதான் சொன்னான்.

மதாம் ரோஸ்லின் வந்தாள், ஈரக் கையை
இடுப்பில் துடைத்துக்கொண்டே.
ஐயோ என்றாள்.
கிரியோலிலும் அது ஐயோதான்.
"அப்போ என் செடியைத் தின்றது
உன் நத்தைகளா?"
"ஆமாம், மதாம். கரும்புக்குள் விட்டால் திரும்பி வரும்.
இப்போது தெரிந்துவிட்டது."
"எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.
அதற்குத்தான் வாளி."

வரப்போரத்தில் பதினாறு கன்றுகள் மொட்டை.
அவளும் எண்ணித்தான் வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில்
பத்து மிளகாய் வடையைப் பதினொருவர் பங்கிட,
பின் சீட்டில் சண்டை.
மடியில் படிவம்:
நேரம் தவறாமை, ஐந்து.
கருவி கையாளுதல், நாலு.
சொன்னதைச் செய்தல்...
பள்ளத்தில் வேன் குலுங்கியது,
ஒன்று என்று விழுந்தது.
குலுக்கலின் மேல் பழி போட முடியாது.
நான்தான் எழுதினேன்.
கேள்வி கேட்டல் என்று கட்டம் இல்லை.
தின்று தீர்த்த கன்றுக்கும் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மழை விடவில்லை.
பூபாலென் வாளி நிறைத்தான்.
புள்ளி உள்ளதும் இல்லாததும்
ஒரே சத்தத்தோடு விழுந்தன.
ஒன்றை மட்டும் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான்.
நான் பூட்ஸ் எண்ணப் போய்விட்டேன்.
பத்து.
தாவினா இன்றைக்கும் செருப்புதான்.

வேனில் ஏறும்போது அவனிடம் கையை நீட்டினேன்.
"அந்த மையைக் கொஞ்சம் கொடு."
"எதற்கு மிஸ்?"
"ஒரு எண்ணிக்கை தப்பு."

கட்டத்தில் இப்போது
கொஞ்சம் மேடாக ஒரு வெள்ளைப் புள்ளி.
இந்த ஈரத்தில் லேசில் காயாது.
திங்கட்கிழமை படிவம் ஆபீசுக்குப் போக வேண்டும்.
அதற்குள் அதன்மேல்
எதையாவது எழுதியாக வேண்டும்.