மேற்கே, தாரிஃபுக்கு அப்பால்

தாரிஃப் வரைக்கும் தார்.
அதற்கப்புறம் யாரோ போன டயர்த்தடம்,
அதுவும் காற்று விட்டுவைத்த அளவுக்கு.
வலப்பக்கம் கடல் என்றார்கள்.
வெள்ளையாய் ஏதோ மினுங்கியது.
அது உப்பு.

எழுபத்துநாலு, மே மாதம்.
பெட்ஃபோர்டு லாரியில் சிமெண்டு மூட்டை நாற்பது,
மூட்டைமேல் நாங்கள்:
பீர்மா, அவள் கைப்பிள்ளை,
ஞானசௌந்தரி,
நான், ஐந்து வயது ஆபேல்,
ஒரு தையல் மிஷின், கட்டில் பலகை நாலு.
கேம்பில் குடும்பத்தோடு இருக்கலாம் என்று
கம்பெனி முதன்முதலாகச் சொல்லியிருந்தது.
அதுவரை அங்கே
பெண்குரல் என்றால் ரேடியோதான்.

"பொம்பளை இருக்கிற இடமா அது?"
அபுதாபியில் எல்லாரும் கேட்டார்கள்.
"ஆம்பளை இருக்கிற இடமா அது?"
திருப்பிக் கேட்டாள் ஞானசௌந்தரி.
அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்.
புருஷனோடு இருந்தது எழுபத்தோரு நாள்.
எண்ணி வைத்திருந்தாள்.

மத்தியானம் சப்காவில் இறங்கியது லாரி.
மேலே அப்பளம், கீழே களி.
பின்சக்கரம் சுற்றச் சுற்ற
இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு சாண்.

டிரைவர் நூர் பக்‌ஷ், பலூச்சி.
காலையிலிருந்தே அவனுக்குக் காய்ச்சல்.
இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தான்,
அதன் நிழலிலேயே சுருண்டு படுத்தான்.
அவன் பேச்சு எங்களுக்குத் தெரியாது.
படுத்தபடி கையால் காட்டினான்:
பாரத்தை இறக்கு.
காற்றை இறக்கு.
பலகை வை.

இருபத்திரண்டு மூட்டை.
தூக்கவில்லை, உருட்டினோம்.
ஒன்று கிழிந்து சாம்பல் மேகமாய் எழுந்தது.
வியர்த்த கையில் சிமெண்டு இறுகி
விரல் மடங்கவில்லை.
கொண்டை ஊசியைப் பிடுங்கி வால்வை அழுத்தினேன்.
சீறியது. "பாம்பு, பாம்பு" என்று
ஆபேல் சிரித்தான்.
அன்றைக்குச் சிரித்தவன் அவன் ஒருத்தன்.

பிறகு தண்ணீர்.
இருந்தது கால் கேன்.
ரேடியேட்டர் கொதித்து வற்றிக் கிடந்தது.
"வண்டிக்கு" என்றேன்.
"பிள்ளைக்கு" என்றாள் பீர்மா.
நான் ஒரு பிடி, அவள் ஒரு பிடி,
நடுவில் அந்தக் கேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை:
நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது,
அதுதான் பயமாக இருந்தது.
பீர்மா என்னைப் பார்க்காமல்
டம்ளரில் இரண்டு விரல் உயரம் அளந்து எடுத்தாள்,
முந்தானை நுனியை அதில் நனைத்தாள்.
மீதியை
அவளே கொண்டுபோய் ரேடியேட்டரில் ஊற்றினாள்.
ஒரு சொட்டு சிந்தாமல்.

இரண்டு பலகை உடைந்தது.
மூன்றாவதில் சக்கரம் கடித்துப் பிடித்தது.
நூர் பக்‌ஷ் ஸ்டியரிங்கில் சரியச் சரிய
ஞானசௌந்தரி அவன் சட்டைக் காலரைப் பிடித்து
நிமிர்த்திக்கொண்டே வந்தாள்,
இருட்டும் வரை, இருட்டிய பிறகும்.
சூரியன் போன பக்கமாகவே போனோம்.
வேறு அடையாளம் கிடையாது.

கேம்ப் வாசலில் ஒரு குமாஸ்தா,
கையில் பெரிய நோட்டு, டார்ச்.
சிமெண்டு: பதினெட்டு.
குறைவு: இருபத்திரண்டு.
(இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்,
மூன்று புருஷன்மாரிடமும் பங்குபோட்டு.)
எங்களை எழுத நோட்டில் கட்டம் இல்லை.
சற்று யோசித்து
தையல் மிஷினுக்குக் கீழே
"மற்றவை: ஐந்து" என்று எழுதினான்.

தவசிமுத்து ஓடி வந்தார்.
அவிழ்ந்த தலையைப் பார்த்ததும்
முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.
"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"
கொண்டை ஊசி
வழியில் எங்கேயோ உப்புக்குள் கிடந்தது.

நான் பீர்மாவின் கையைப் பிடித்திருந்தேன்.
அவளும் விடவில்லை.
"குழாய் எங்கே?" என்று கேட்டேன்.