மாதிரி எண் நாற்பத்தொன்று

அம்பத்தூர் எஸ்டேட். முலாம் பட்டறை.
காலை ஷிஃப்ட்.
துலுக்காணத்தின் காலரில்
சின்ன பம்பைக் குத்துகிறேன்.
அவர் இழுக்கும் காற்றில்
எட்டு மணி நேரம்
அதுவும் கொஞ்சம் இழுக்கும்.

"எனுக்கு இன்னொரு மூக்கா?"
சிரிக்கிறார்.
சிரித்தபடியே கோணியில் ஒரு நூலை உருவி
இடது துளையில் விட்டு
வலதில் எடுத்துக் காட்டுகிறார்.
மகளுக்குப் பிடித்த வித்தையாம்.

குரோமியம் ஆறு, என்று
படிவத்தில் எழுதுகிறேன்.
தொட்டிமேல் மஞ்சள் பனி.

குழாயில் ஊதச் சொன்னேன்.
ஊதுங்க, இன்னும், இன்னும், இன்னும் என்று
தேர் இழுப்பவளாய்க் கத்தினேன்.
திரையில் ஏறிய கோடு
பாதியில் படுத்துக்கொண்டது.

"இத்த வச்சி இன்னா பண்ணுவ?"
இந்தக் காற்று படாத ஒருத்தரோடு
உங்களை ஒப்பிடுவோம் என்றேன்.
"படாத ஆளா?
அந்தாளு எந்தத் தெருல கீறான்?"

படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

மாலையில் வடிதாளைக் கழற்றினேன்.
காலையில் வெள்ளை.
இப்போது பங்கனப்பள்ளித் தோல்.
உறையிலிட்டு, எண் எழுதி,
ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

வாசலில் என் ஸ்கூட்டர்.
கண்ணாடியைத் தாங்கும் கம்பியில்
பளபளவென்று
வளைந்து நீண்ட என் முகம்,
மூக்கு மட்டும் பெரிதாக.