ஞாயிற்றுக்கிழமை வண்டி

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே போகும்,
கோயிலுக்கும் கடற்கரைக்கும்" என்று சொல்லி
டொங்காட்டில் தனபாக்கியம் படையாச்சி
இந்தக் கோர்டினாவை என் தலையில் கட்டினார்.
எழுபத்து மூன்றாம் வருடத்து வண்டி.
மஞ்சள். பல மழை கண்ட மஞ்சள்.

சாட்ஸ்வொர்த் வந்து சேர்வதற்குள் விளங்கிவிட்டது.
கூழில் நட்ட துடுப்புப்போல
கியர் லீவர் நாலு திக்கிலும் ஆடியது.
முதலாவதைக் கேட்டால் மூன்றாவது வந்தது.
இரண்டாவதைக் கேட்டால்
ஒரு கனைப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலை ஏற்றத்தில்
பின்னால் வந்த மினிபஸ் டாக்சிக்காரன்
என் அம்மாவைப் பற்றி விசாரித்தான்.

சனிக்கிழமை.
பக்கத்து வீட்டு வானொலியில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.
கார்பெட்டை உரித்தேன்,
ரப்பர் பாவாடையைக் கழற்றினேன்,
ஸ்ப்ரிங்கை அமுக்கிக்கொண்டு மூடியைத் திருகினேன்.
கருத்த எண்ணெய் சொட்ட லீவர் உருவிக்கொண்டு வந்தது,
கஷாயம் குடித்த நாக்குப்போல.
நுனியில் அது போட்டிருக்க வேண்டிய
நைலான் செருப்பைக் காணோம்.
உடைந்து உள்ளே விழுந்திருந்தது.
காந்தம் விட்டுக் கால்மணி நேரம் துழாவினேன்.
கோகிலாம்பாள்,
நைலானுக்குக் காந்தம் என்னடி செய்யும்?

நீண்ட மூக்குக் குறட்டால் துண்டுகளைப் பொறுக்கியபோது
டார்ச் வெளிச்சத்தில் பெட்டிக்குள் பார்த்தேன்.
ஒன்று இரண்டின் பள்ளம்
மழுங்கி, கண்ணாடிபோல் மின்னியது.
மூன்று நான்கின் பள்ளத்திலோ
தொழிற்சாலை இழைத்த கோடுகள்கூட
இன்னும் அழியவில்லை.
கோயிலுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்
வழி முழுக்கவா இரண்டாவதில் போவார்?

ஜேக்கப்ஸில் நான் வேலை பார்க்கும் பட்டறையில்
சாப்பாட்டு அரைமணியில் லேத்தை ஓட்டி
வெள்ளை நைலான் கம்பியைக் கடைந்தேன்.
முதல் துண்டு இறுகியது. இரண்டாவது தொளதொளத்தது.
மூன்றாவதை வெர்னியரில் அளந்து, அளந்து,
மயிரிழையில் பாதி சுரண்டினேன்.
மேசையெல்லாம் தேங்காய்ப்பூ.
ஃபோர்மேன் ம்தோகோசிசி ஒரு சுருளை எடுத்து
மோந்து பார்த்துவிட்டு
உப்புப் போதாது என்றார்.

குமிழைக் கடைசியில்தான் கையிலெடுத்தேன்.
மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.
வலப்பக்கம் தேய்ந்திருந்தது. சரி,
ஓட்டுகிறவரின் இடது கை.
இடப்பக்கம்?
அது இன்னும் ஆழமாக,
ஒரு மோதிரம் அறுத்த கோட்டோடு.
பக்கத்து இருக்கையிலிருந்து நீண்ட
வலது கை.

வெளியே போய்
சாய்ந்த வெயிலில் கூரையைத் தடவினேன்.
பெயின்டுக்கு அடியில் நாலு வட்டம்,
பட்டி அடைத்த துளைகள்,
ஒரு பலகை திருகி நின்ற இடம்.

போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"ஆமா, டிரைவிங் ஸ்கூல்தான். பதினெட்டு வருஷம்.
ஊரெல்லாம் ஏறி மிதிச்ச வண்டின்னு சொல்லியிருந்தா
நீ வாங்கியிருப்பியா?"
மாட்டேன்.
"அதான் சொல்லலே."
ரொம்பத் திட்டுவாரா உங்கள் வீட்டுக்காரர்?
"வாயே திறக்க மாட்டாரு.
நம்ம கை தப்பாப் போனா
மேலே கையை வச்சு அமுக்குவாரு, அவ்வளவுதான்."
அப்போது ஞாயிற்றுக்கிழமை என்றது?
"அது பொய்யில்லே.
ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டுவேன்,
கோயிலுக்கும் கடற்கரைக்கும்.
ஏழு தடவை டெஸ்ட்டுக்குப் போனேன்.
ஏழு தடவையும் பெயில்."
பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு:
"மூணாவதுக்கு மேலே
எனக்குப் பயம்."

புதுக் குமிழ் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்,
மரத்தில், வழவழப்பாக.
மாட்டிப் பார்த்தேன். கை வழுக்கியது.
கழற்றி டாஷ்போர்டு அறைக்குள் போட்டேன்.

ஹிக்கின்சனில் ரோபோ பச்சைக்கு மாறியது.
ஒன்று. இரண்டு,
வெண்ணெயில் கத்தி.
மூன்றாவதில் வண்டி கொஞ்ச தூரம் முனகியது.
பக்கத்து இருக்கையில்
நான் மறந்துபோய் வைத்திருந்த ஸ்பேனர் பை குலுங்கியது.
கிளட்ச்சை மிதித்து லீவரைப் பின்னுக்கு இழுத்தேன்.
ஆள் புழங்காத அறையின் தாழ்ப்பாள்போல
ஒரு கணம் முரண்டு பிடித்து,
விழுந்தது
நான்காவது.