கரடிப்போக்கிலிருந்து தெற்கே

ஞாயிறு. பஸ்ஸால் இறங்கி
கண்டி வீதியின் நிழல் பக்கமாக நடக்கிறேன்.
கையில் தவமலர்
பிஸ்கட் மட்டையில் கீறித் தந்த படம்.

லீசிங் கம்பனி: நாலு மாடி, நீலக் கண்ணாடி.
அதற்குள்ளே ஒரு மாடு
அசைபோட்டபடி தன்னையே பார்க்கிறது.

அடுத்தது வங்கி.
அலுமினியத் தகடுகளில்
வெயில் வழுக்கி வீதியில் விழுகிறது.
சாய்வுப் பாதையில் நாய் படுத்திருக்கு.

எதிரே, எல்லாவற்றிலும் பெரிசு:
வட்டத் தூண்கள், கறுப்புக் கிரனைட் வாசல்.
படத்தில் இல்லையே.
மறந்துபோனாளோ?

மட்டையைத் திருப்புகிறேன்.
"புள்ளி வைச்ச இடமெல்லாம் சில்லு ஏறும்.
வங்கியில மட்டும்
ஆராவது தள்ளவேணும்."

வீதியைக் கடந்து போய் எண்ணினேன்.
ஒன்பது படி.
மினுக்கிய கல்லில்
என் இரண்டு கால்களும்
தெளிவாகத் தெரிகின்றன.